ஹாட்யாய் கஞ்சா கடையும் நம்ம எல்லைச் சாவடியும்: முதல் முறை போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பள்ளி விடுமுறை வந்தால் கெடாவின் பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்திலிருந்து, சயாம் என்று நாம் சொல்லும் தாய்லாந்தின் ஹாட்யாய்க்கு வேன் கிளம்பும். 2022-க்குப் பிறகு போய் வந்தவர்கள் எல்லாரும் ஒரே கதையைச் சொன்னார்கள்: தெருவுக்குத் தெரு பச்சை இலைப் படம் போட்ட கடை, கண்ணாடி ஜாடியில் கஞ்சா, கேட்பார் இல்லை. 2025 நடுவில் போனவர்களுக்கு வேறு கதை. டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள், சீட்டு இல்லாமல் தரமாட்டோம் என்றார்கள். இரண்டு கதையும் உண்மைதான், இடையில் அங்கே சட்டம் மாறிவிட்டது. இங்கே சாப்பாட்டுக்கடை மேசையில் இந்த இரண்டும் கலந்து "சயாமில் ஓப்பனாக விற்கிறான், அப்போ தப்பில்லை" என்று ஆகிவிட்டது. அதோடு கனடாவில் படிக்கும் பிள்ளை சொன்னதும், அமெரிக்க வீடியோவில் பார்த்ததும் சேர்ந்தால் குழப்பம் முழுசாகிவிடும். அடியிலிருந்து பார்ப்போம்.

டிஸ்பென்சரி என்ற சொல்லே குழப்பம்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு டிஸ்பென்சரி என்றால் டிரெசர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர், உட்கார்ந்து மருந்து கலக்கிக் கொடுக்கும் இடம். அமெரிக்காவில் கஞ்சா கடைக்கு அந்தப் பெயர் வந்ததும் மருந்தின் வழியாகத்தான். கலிபோர்னியா 1996-இல் வாக்கெடுப்பு நடத்தி மருத்துவத் தேவைக்குக் கஞ்சாவை அனுமதித்தது. 2014 ஜனவரி 1-இல் கொலராடோவில் மருந்துக் காரணம் எதுவும் சொல்லாமலே பெரியவர்கள் வாங்கக்கூடிய கடைகள் திறந்தன, ஆனால் பழைய பெயர் அப்படியே நின்றுவிட்டது. அதனால் பலகையில் டிஸ்பென்சரி என்று இருந்தாலும் உள்ளே நிற்பவர் பெரும்பாலும் கடைக்காரர்தான், மருத்துவர் அல்ல. அவர் சொல்லும் "இது தூக்கத்துக்கு நல்லது, இது முட்டி வலிக்கு நல்லது" என்பதை வியாபாரப் பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நமக்குப் புரியும் உதாரணம் வேண்டுமென்றால் கள்ளுக்கடைதான். அதற்கும் லைசன்ஸ் இருந்தது, நேரம் இருந்தது, அரசாங்கத்தின் கண்காணிப்பு இருந்தது. அப்படியிருந்தும் 1947-இல் இதே பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியும் தொண்டர் படையும் கள்ளுக்கடைக்கு எதிராக மறியல் செய்தார்கள், ஏனென்றால் லைசன்ஸ் உள்ள கடையில் குடித்தாலும் சம்பளம் கரையத்தான் செய்தது. யார் விற்கலாம், யாருக்கு விற்கலாம், எவ்வளவு விற்கலாம் என்பதைத்தான் லைசன்ஸ் சொல்லும். வாங்கிக்கொண்டு வெளியே போன பிறகு உங்களுக்கு என்ன ஆகும் என்று அது சொல்லாது.

"சட்டப்படி" என்பதில் நான்கு வகை

1. பெரியவர்கள் நேராகப் போய் வாங்கும் கடை. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் இப்படித்தான். வயது அல்பெர்ட்டாவில் 18, கியூபெக்கில் 21, மற்ற இடங்களில் 19; வெளியே 30 கிராம் வரை வைத்திருக்கலாம். அமெரிக்காவில் 24 மாநிலங்கள் 21 வயதானவர்களுக்கு அனுமதி தந்திருக்கின்றன. ஆனால் அங்கே மத்திய அரசின் சட்டம் இன்னும் தடுக்கிறது, பல வங்கிகள் இந்தக் கடைகளுக்குக் கணக்கு கொடுக்கத் தயங்குகின்றன, அதனால்தான் நிறைய கடைகளில் ரொக்கம் கேட்கிறார்கள்.

2. மருந்துச் சீட்டு இருந்தால் மட்டும். இப்போதைய தாய்லாந்து, ஆஸ்திரேலியா.

3. கண்டும் காணாமல் விடுவது. நெதர்லாந்தின் காஃபி ஷாப் இந்த வகை. அங்கே கஞ்சா விற்பது சட்டப்படி இன்னும் குற்றம்தான், ஆளுக்கு 5 கிராம் வரை விற்றால் வழக்குப் போடுவதில்லை, அவ்வளவே.

4. அனுமதி உண்டு, கடை கிடையாது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் பெரியவர்கள் வெளியே 25 கிராம் வரை வைத்திருக்கலாம், வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம், அதே வருடம் ஜூலை 1 முதல் உறுப்பினர் சங்கத்தில் வாங்கலாம். சுற்றுலா போனவருக்கு அந்தச் சங்கத்தில் இடமில்லை.

போகிற ஊர் இதில் எந்த வகை என்று தெரியாமல் "லீகல்தானே" என்று கிளம்புவதுதான் முதல் தவறு.

தாய்லாந்தில் என்னதான் நடந்தது

2018 கடைசியில் மருத்துவப் பயன்பாட்டுக்கு அனுமதி. தென்கிழக்கு ஆசியாவில் அதுதான் முதல். 2022 ஜூன் 9-இல் செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். எடுத்த வேகத்தில், அதை ஒழுங்குபடுத்த வேண்டிய தனிச் சட்டம் நிறைவேறவில்லை. அந்த இடைவெளியில்தான் கடைகள் காளான் மாதிரி முளைத்தன. அந்த வருடம் நவம்பரில் கஞ்சாப் பூவைக் கட்டுப்படுத்தப்பட்ட மூலிகை என்று அறிவித்து, 20 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் விற்கக் கூடாது என்றார்கள். 2025 ஜூன் இறுதியில் பெரிய திருப்பம் வந்தது: மருந்துச் சீட்டு இல்லாமல் பூ விற்கக் கூடாது, சீட்டுக்கு அதிகபட்சம் 30 நாள் அளவு, ஆன்லைன் விற்பனையும் விளம்பரமும் கிடையாது. ஆகவே உங்கள் மாமா 2023-இல் போய்ப் பார்த்ததை வைத்து இப்போது போகக் கூடாது.

அங்கேகூட என்றைக்குமே தளராத இரண்டு விஷயங்கள் உண்டு. போதை தரும் பொருளான டிஎச்சி 0.2 விழுக்காட்டுக்கு மேல் உள்ள சாறு, எண்ணெய் எல்லாம் 2022-க்குப் பிறகும் போதைப்பொருள் பட்டியலிலேயே இருந்தன. பொது இடத்தில் புகைத்துத் தொல்லை கொடுத்தால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 25,000 பாட் வரை அபராதம் அல்லது இரண்டும். இன்னொன்று, நம்ம பையன்கள் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போகும் வேப் கருவி: கஞ்சா இல்லாவிட்டாலும் மின்சிகரெட்டை இறக்குமதி செய்வதற்கும் விற்பதற்கும் தாய்லாந்தில் தடை உண்டு.

எல்லைக்கு இரு பக்கமும் ஒரே இலைக்கு இரண்டு சட்டம் இருப்பது கெடாக்காரர்களுக்குப் புதிதில்லை. கெத்தும் (தாய்லாந்தில் கிராத்தோம்) இலையை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து 2021-இல் அதை விடுவித்துவிட்டது, இங்கே அது இன்னும் விஷப் பொருள் சட்டத்தின் கீழ்தான் இருக்கிறது.

ஜாடியின் மேல் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது

போதை தருவது டிஎச்சி. போதை தராதது, ஆனால் மற்ற மருந்துகளோடு மோதக்கூடியது சிபிடி. லேபிளில் இந்த இரண்டின் அளவும், தொகுதி எண்ணும், பொதியிட்ட தேதியும் இருக்க வேண்டும். கனடாவில் வரி முத்திரையும் ஒட்டியிருக்கும். அது இல்லாவிட்டால் சரக்கு சட்டப்படி வந்தது இல்லை.

கணக்கு எளிது. 20 விழுக்காடு டிஎச்சி என்றால் ஒரு கிராம் பூவில் 200 மில்லிகிராம். புகைக்கும்போது அதில் பெரும்பகுதி எரிந்தும் காற்றிலும் போய்விடும். "தாத்தா காலத்தில் எல்லாரும் இழுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒரு வாதம் வரும். அந்தக் காலத்துச் சரக்கும் இந்தக் காலத்துச் சரக்கும் ஒன்றல்ல. அமெரிக்காவில் பறிமுதல் செய்த கஞ்சாவைச் சோதித்ததில் 1995-இல் சராசரியாக 4 விழுக்காடு இருந்த டிஎச்சி, 2021-இல் 15 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது.

இண்டிகா வகை தூங்க வைக்கும், சாட்டிவா வகை உற்சாகம் தரும் என்று கடையில் பாடம் நடத்துவார்கள். அந்தப் பெயர்கள் செடியின் தோற்றத்தை வைத்து வந்தவை. இன்று கலப்பு ஆன பிறகு அதை வைத்து விளைவைக் கணிக்க முடியாது.

தின்பதில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் மருத்துவமனை வரை போகும் புதியவர்களின் கதை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. புகைத்தால் சில நிமிடங்களில் ஏறும், இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரும்பாலும் இறங்கும். சாக்லெட், கம்மி மிட்டாய், பிஸ்கட் என்று தின்றால் அது வயிறு, ஈரல் என்று சுற்றிக்கொண்டு வர வேண்டும். அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது. ஈரலில் டிஎச்சி இன்னொரு வடிவத்துக்கு மாறுகிறது, அது மூளைக்குள் எளிதாகப் போகும், போதையும் கூடுதல். ஆறு முதல் எட்டு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும்.

கலிபோர்னியாவில் ஒரு சாக்லெட் கட்டியில் மொத்தம் 100 மில்லிகிராம் டிஎச்சி வரை இருக்கலாம், அதைப் பத்துத் துண்டாகப் பிரித்து ஒரு துண்டுக்கு 10 மில்லிகிராம் என்று விற்பார்கள். கனடாவிலோ ஒரு பொதி முழுவதற்குமே உச்சவரம்பு 10 மில்லிகிராம். முதல் முறை சாப்பிடுகிறவருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 2.5 மில்லிகிராம், அதாவது கலிபோர்னியாத் துண்டில் கால்வாசி. சாக்லெட்டில் கால்வாசியைக் கடித்துவிட்டு மீதியை மடித்து வைக்கும் ஆளை நான் பார்த்ததில்லை, நம்ம பழக்கம் முறுக்கு டின்னைத் திறந்தால் அடி தெரியும்வரை. ஒருவர் ஒரு துண்டு தின்கிறார், முக்கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை, "ஏமாற்றிவிட்டான்" என்று இன்னும் இரண்டு தின்கிறார், பிறகு முப்பது மில்லிகிராமும் ஒன்றாக ஏறுகிறது. நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், சாகப் போகிறோம் என்ற பயம் பிடிக்கும். அப்படி ஆனால்:

1. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள், தனியாக விடாதீர்கள், சத்தமும் வெளிச்சமும் குறைவான இடம் நல்லது.
2. பியர் கொடுத்து "இறக்க" முயலாதீர்கள். மதுவோடு சேர்ந்தால் டிஎச்சி இன்னும் ஏறும்.
3. நெஞ்சு வலி, மயக்கம், இல்லாதது கண்ணில் தெரிவது என்று வந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். என்ன சாப்பிட்டார், எவ்வளவு, எப்போது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் அறையில் இந்த மிட்டாய் இருக்கவே கூடாது. பிள்ளைக்கு அது வெறும் மிட்டாய்.

வேப் குப்பி பற்றி ஒரு வரி: 2019-20-இல் அமெரிக்காவில் 2,800-க்கும் மேற்பட்டோர் நுரையீரல் பாதிப்பால் மருத்துவமனைக்குப் போனார்கள். பெரும்பாலும் கள்ளச்சந்தைக் குப்பிகள், உள்ளே டிஎச்சியோடு கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட்.

யார் இதன் பக்கத்திலேயே போகக் கூடாது

குடும்பத்தில் மனச்சிதைவு உள்ளவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், இருபத்தைந்து வயதுக்குக் கீழே மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இளைஞர்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும்தான்: சிபிடி அந்த மருந்தை உடலில் தேங்க வைக்கும், இரத்தக்கசிவு வரை போகலாம். "சிபிடி இயற்கைதானே" என்று வாங்கித் தரும் மகன்களுக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை. வண்டி ஓட்டப் போகிறவர் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

எல்லையைத் தாண்டி வருவது

இதுதான் மலேசியருக்கு முக்கியமான பகுதி. கையில் எதையும் கொண்டு வரவில்லை என்றாலும் உடம்பு கொண்டு வரும். டிஎச்சி கொழுப்பில் கரையும், உடம்பின் கொழுப்பில் தங்கி மெதுவாக வெளியேறும். ஒரே ஒரு முறை பயன்படுத்தியவருக்குச் சிறுநீரில் மூன்று நாள்போல் தெரியும். தினமும் பயன்படுத்துகிறவருக்கு ஒரு மாதமோ அதற்கு மேலோகூடத் தெரியலாம். சனிக்கிழமை ஹாட்யாய், ஞாயிறு மாலை புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைச் சாவடி என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறையக் குடித்தால் போய்விடும், எலுமிச்சை குடித்தால் போய்விடும் என்பதெல்லாம் லயத்து வைத்தியம்.

மலேசியச் சட்டம், அதாவது 1952-ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டம், இப்படிப் போகிறது:

1. பயன்படுத்தியது உறுதியானால், 15-ஆவது பிரிவில் 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு வருடம் வரை சிறை. அதன் பிறகு இரண்டு முதல் மூன்று வருடம் கண்காணிப்பு.
2. கொஞ்சமாக வைத்திருந்தால், 6-ஆவது பிரிவில் 20,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.
3. 20 கிராமைத் தொட்டால் 39ஏ பிரிவு: இரண்டு முதல் ஐந்து வருடம், மூன்று முதல் ஒன்பது பிரம்படி. 50 கிராமும் அதற்கு மேலும் என்றால் குறைந்தது ஐந்து வருடம், ஆயுள் வரை போகலாம், பத்துக்குக் குறையாத பிரம்படி.
4. 200 கிராமிலிருந்து கடத்தல் என்றே சட்டம் கருதும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது பிடிபட்டவரின் பொறுப்பு. தண்டனை மரணம், அல்லது 30 முதல் 40 வருடச் சிறையோடு பன்னிரண்டுக்குக் குறையாத பிரம்படி.

நான்காவதில் ஒரு வதந்தி சுற்றுகிறது: "தூக்கை எடுத்துவிட்டார்கள்". எடுக்கவில்லை. 2023 ஜூலை 4 முதல் அது கட்டாயம் இல்லை என்று ஆனது, அவ்வளவுதான். நீதிபதிக்கு இப்போது தேர்வு உண்டு, தூக்கும் அந்தத் தேர்வுக்குள் இருக்கிறது.

"நான் சாப்பிட்டது அங்கே, சீட்டும் இருக்கிறது" என்று சொல்லி நழுவலாம் என நினைப்பவர்களுக்கு: போதைப்பித்தர் என்று சந்தேகிக்கப்படுகிறவரைக் காவலில் எடுத்துப் பரிசோதிக்க 1983-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. எல்லைச் சாவடிக் கவுண்டரில் சயாம் எழுத்தில் உள்ள மருந்துச் சீட்டை நம்பி நிற்காதீர்கள். 2021-இல் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின், சட்ட விதிகளுக்கு உட்பட்டால் கஞ்சா அடங்கிய மருந்துப் பொருளை மருத்துவத்துக்கு இறக்குமதி செய்யலாம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னதைப் பலர் "இங்கேயும் வந்துவிட்டது" என்று புரிந்துகொண்டார்கள். அவர் பேசியது பதிவு பெற்ற மருந்தையும் அதை மருத்துவர் முறைப்படி தருவதையும் பற்றி. வேன் இருக்கைக்கு அடியில் வரும் எண்ணெய்க் குப்பி அதில் சேராது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். அங்கே குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பயன்படுத்தினாலும் உள்நாட்டில் பயன்படுத்தியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. 2023 ஏப்ரலில் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான கஞ்சா வழக்கில் தமிழர் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். அவர் மேல் இருந்த குற்றச்சாட்டு, கடத்தலுக்கு உடந்தை என்பது.

அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர் குடிநுழைவு அதிகாரியிடம் "கலிபோர்னியாவில் ஒரு முறை வாங்கினேன், அங்கே லீகல்தான்" என்று சொன்னாலே விசா சிக்கலாகலாம். குடிநுழைவு மத்திய அரசின் வேலை, மத்திய சட்டத்தில் அது குற்றம்.

தெரியாமல் சுமந்து வருவது

கஞ்சா கடைப் பக்கமே போகாதவருக்கும் இந்தச் சிக்கல் வரலாம். தாய்லாந்தில் 2022-க்குப் பிறகு கஞ்சா இலை போட்ட தேநீர், பிஸ்கட், நூடல்ஸ், தைலம் எல்லாம் சாதாரணக் கடையிலேயே கிடைத்தன. சயாம் மொழியிலும் அதன் பெயர் ஏறக்குறைய "கஞ்சா"தான், காதில் விழுந்தால் நமக்கே புரியும், ஆனால் எழுத்து புரியாது. அதனால் ஏழு விரல் இலைப் படம் இருக்கிறதா என்று பொதியின் இரண்டு பக்கமும் பாருங்கள், சாப்பாட்டுக்கடையில் வாய் திறந்து கேளுங்கள். மலேசியச் சட்டம் கஞ்சா என்று சொல்லும்போது செடியின் எந்தப் பகுதியையும் சேர்த்துக்கொள்கிறது. 37-ஆவது பிரிவின்படி, உங்கள் கைவசம் இருக்கும் பையில் போதைப்பொருள் இருந்தால் அது உங்களுடையது, என்னவென்று தெரிந்தே வைத்திருந்தீர்கள் என்று முதலில் கருதுவார்கள். "என் பையில் இடமில்லை, இதைக் கொஞ்சம் போட்டுக்கோ அண்ணே" என்று வேனில் யாராவது நீட்டினால் பிரித்துப் பார்த்து வாங்குங்கள். பிரிக்க விடாவிட்டால் வாங்காதீர்கள். பக்கத்து வீட்டு அத்தை முட்டி வலிக்குத் தைலம் கேட்டிருந்தால், இலைப் படம் இல்லாத சாதாரணத் தைலம் ஹாட்யாய் சந்தையில் கூடை கூடையாக இருக்கிறது, அதையே வாங்கி வாருங்கள்.